உத்திரத்து ஊதுபத்தி

என் கணவருக்கு எங்கள் தெருவில் இரண்டு பெயர்கள் இருந்தன. நேரில் பார்த்தால் மாப்பிள்ளை. தலை மறைந்ததும் ஏரோப்ளேன் மாப்பிள்ளை. சேனாதிபதி என்று பெற்றவர்கள் வைத்த பெயர் தபால்காரருக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். தபால்காரராவது அதைச் சத்தமாகச் சொல்லிக் கூப்பிடுவார். நான் பெண்டாட்டி, எனக்கு அந்த உரிமையும் கிடையாது.

பழனி அடிவாரத்தில் என் அப்பா மயில்சாமிக்கு விபூதி, சந்தனம், ஊதுபத்திக் கடை. கடைக்குப் பின்னாலேயே வீடு. நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தபோதே அம்மா போய்விட்டாள். ஒரே மகளை வெளியே அனுப்ப அப்பாவுக்கு மனசு வரவில்லை. அதனால் வெளியே இருந்து ஒருவரை உள்ளே கொண்டுவந்தார். அப்படி வந்தவர்தான் இவர். கொடைக்கானல் மலைக்குள்ளே கிளாவரையில் பூண்டு போடுகிற குடும்பத்தில் மூன்றாவது பிள்ளை. கொடைக்கானலில் தங்கிப் படித்துவிட்டு, அங்கேயே ஒரு பள்ளிக்கூடத்துப் பட்டறையில் பெஞ்சும் ஜன்னலும் பழுது பார்த்துக்கொண்டிருந்தவர். அந்தப் பள்ளிக்கூடத்தில் அமெரிக்க வாத்தியார் ஒருவர் பிள்ளைகளுக்கு விளையாட்டு விமானம் செய்யச் சொல்லிக் கொடுத்தாராம். பிள்ளைகள் கற்றார்களோ இல்லையோ, ஜன்னல் பழுது பார்க்க வந்தவருக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது.

வாத்தியார் சொந்த ஊருக்குத் திரும்பும்போது ஒரு கட்டு பால்சாப் பலகையை இவருக்குக் கொடுத்துவிட்டுப் போனார். கல்யாணத்துக்கு மாப்பிள்ளை வீட்டுச் சீராக எங்கள் வீட்டுக்கு வந்த ஒரே சாமான் அதுதான். பலகை என்று சொன்னால் பலகையா அது? கையில் வாங்கினால் கை சும்மா இருப்பது போலவே இருக்கும். நகம் பட்டால் பள்ளம் விழும். "நம்ம இலவ மரத்துக்குச் சொந்தக்கார மரம், கடல் தாண்டி வளருது" என்று இவர் சொல்வார். அது தீர்ந்தால் இங்கே வாங்க வழியில்லை. அதனால் பலகையை வெட்டுவதற்கு முன்னால் அரை நாள் அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார். என்னைப் பெண் பார்க்க வந்தபோதுகூட அவ்வளவு நேரம் பார்க்கவில்லை.

விமானம் என்றால் நிஜமாகவே பறக்கிற விமானம். தீக்குச்சி கனத்தில் பால்சாவைச் சீவி எலும்புக்கூடு மாதிரி ஒட்டி, அதன் மேல் வெங்காயச் சருகு போன்ற காகிதத்தைப் போர்த்துவார். மூக்கில் ஒரு காற்றாடி. உடம்புக்குள்ளே மூக்கிலிருந்து வால்வரை ரப்பர் இழைகள். அந்த ரப்பரை முறுக்கிவிட்டால், முறுக்கு அவிழ அவிழக் காற்றாடி சுற்றி விமானம் மேலே ஏறும். முறுக்கு தீர்ந்த பிறகு, இறக்கையின் தயவில் மெதுவாக வட்டமடித்து இறங்கும். கயிறும் கிடையாது, கட்டும் கிடையாது. கையை விட்டுப் போனால் போனதுதான், அதன் இஷ்டம்.

எடை முக்கியம் என்று கற்பூரம் நிறுக்கிற தராசை எடுத்துவந்து ஒவ்வொரு குச்சியாக நிறுப்பார். அப்பாவுக்கு முதல் எரிச்சல் அதில்தான் தொடங்கியது. இரண்டாவது, பசை. பழைய சினிமா பிலிம் துண்டுகளை அசிட்டோனில் கரைத்து அவர் செய்த பசையின் நாற்றம் வீடு முழுக்க ஏறியது. வாசனையை விற்றுப் பிழைக்கிற கடை அது. "மாப்ள, என் சரக்கெல்லாம் இந்த நாத்தத்த இழுத்துக்கிரும். மொட்டமாடில போய்ச் செய்யுங்க" என்றார் அப்பா. இவர் ஒரு வார்த்தை பேசாமல் பலகை, பசை, பிளேடு எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு மாடிக்குக் குடிபோனார்.

இவர் பேசாமல் இருப்பதுதான் எனக்கு ஆத்திரம். விடிந்தால் விபூதி மூட்டை இறக்குவார், கடை கூட்டுவார், ஒட்டன்சத்திரம் போய் வேண்டிய சாமான் வாங்கிவருவார். ஒருநாள் அப்பாவின் சிநேகிதர் ஒருவர் கடைக்கு வந்து, "மாப்ள என்ன சோலி பாக்குறாரு?" என்று கேட்டார். "சும்மாத்தான் இருக்காரு" என்றார் அப்பா. அந்த நேரம் இவர் தோளில் மூட்டையோடு அந்த இரண்டு பேருக்கும் நடுவில் நடந்து போய்க்கொண்டிருந்தார். மூட்டையை வைத்துவிட்டு அடுத்த மூட்டைக்குத் திரும்பி வந்தார். நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். அப்பா மேலே கோபம் வந்தது. அதைவிட இவர் மேலே அதிகமாக வந்தது.

ஆனால் அப்பாவை விட்டு வெளியே போவோம் என்று இவர் சொன்னபோது நான் சம்மதிக்கவில்லை. கொடைக்கானல் பட்டறை மேற்பார்வையாளர் திருமலைச்சாமி, எப்போது வந்தாலும் பழைய வேலை உண்டு, பட்டறையை ஒட்டி ஓர் அறையும் காலியாக இருக்கிறது என்று சொல்லியிருந்தார். "கொடைக்கானல் குளிர்ல மனுசர் குடியிருப்பாங்களா?" என்று கேட்டேன். கிளாவரைக்காரரிடம் அப்படிக் கேட்டது அநியாயம்தான். உண்மை என்னவென்றால் எனக்கு அப்பா வீட்டில் ராணி மாதிரி நடந்துகொண்டிருந்தது. வெளியே போனால் நானே தண்ணீர் எடுக்க வேண்டும், நானே அடுப்பு ஊத வேண்டும். அப்பாவைத் தனியே விடக் கூடாது என்று வெளியே சொல்லிக்கொண்டேன். அதுவும் பொய்யில்லை, முழு உண்மையும் இல்லை.

இப்படி இருக்கும்போது, 1961-ஆம் வருசம் தைப்பூசத்துக்குச் சாமி கும்பிட வந்த வேலப்பன் என்பவர் எங்கள் கடையில் விபூதி வாங்கினார். மதுரையில் ஒரு கல்லூரியில் என்.சி.சி. விமானப் பிரிவுக்கு அதிகாரி. கடை விட்டத்தில் இவர் தொங்கவிட்டிருந்த விமானத்தைப் பார்த்ததும் விபூதியை மறந்துவிட்டார். இவரைக் கூப்பிட்டு அரைமணி நேரம் பேசினார். மாணவர்களுக்கு இந்த மாதிரி விமானம் செய்யக் கற்றுக்கொடுக்க ஓர் ஆள் வேண்டுமாம்.

"மே மாசம் சீசனுக்குக் கொடைக்கானல்ல ஒரு போட்டி இருக்கு. நானும் வருவேன்" என்றார் அவர். "மூணு தடவ விடணும். ஒரே விமானத்தத்தான் மூணு தடவையும் விடணும். ஒசரப் போறது பெரிசில்ல, சொன்ன நேரத்துக்கு எறங்கி உங்க கைக்குத் திரும்பி வரணும். அத நான் கண்ணால பாத்துட்டேன்னா, ஜூன் மாசமே உங்களுக்கு மதுரையில வேலை."

அன்றைக்கு மாடியில் இவர் என்னிடம், மதுரைக்கு வருகிறாயா என்று கேட்டார். நான் யோசித்துவிட்டு, "மதுரைன்னா வர்றேன். அந்த ஆபீசர் உங்கள எடுக்கலேன்னா, அப்புறம் வெளிய போற பேச்சையே எடுக்கக் கூடாது" என்றேன்.

"சரி" என்றார். அவ்வளவுதான். ஒரு மனுசனுடைய வாழ்க்கையை இரண்டு எழுத்தில் பந்தயம் கட்டினார்.

நல்ல விமானத்துக்கு ஓர் ஆபத்து உண்டு. வெயில் பட்டுச் சூடான தரையிலிருந்து சில சமயம் காற்று மேல்நோக்கிக் கிளம்பும். விமானம் அதில் மாட்டினால் முறுக்கு தீர்ந்த பிறகும் இறங்காது. பருந்து மாதிரி வட்டமடித்துக்கொண்டே கண்காணாத இடத்துக்குப் போய்விடும். அதற்கு இவர் வைத்திருந்த மருந்து எங்கள் கடை ஊதுபத்தி. விமானத்தின் வாலை ஒரு சின்ன ரப்பர் வளையம் இழுத்துப் பிடித்திருக்கும். அந்த வளையத்தில் ஊதுபத்தித் துண்டு ஒன்றைச் செருகிக் கொளுத்திவிடுவார். நெருப்பு வளையத்தைத் தொட்டதும் வளையம் அறும், வால் மேலே தூக்கிக்கொள்ளும், விமானம் பறப்பதை மறந்து தட்டையாகக் கீழே இறங்கும். எவ்வளவு நீளத் துண்டு எவ்வளவு நேரம் எரியும் என்று இவர் மாடியில் உட்கார்ந்து வாரக்கணக்கில் கொளுத்திப் பார்த்தார். எங்கள் கடைச் சரக்கில் இவர் மனதார மதித்த ஒரே சரக்கு அது.

கடையில் மூன்று தரம் பத்தி உண்டு. மூன்றாம் நம்பர் கரித்தூள் பத்தி. சரசரவென்று எரியும், வாங்குகிறவர்களும் அதையே வாங்குவார்கள். இவர் கொளுத்திப் பழகியதும் அதுதான். இரண்டாம் நம்பர் வீட்டு விசேஷங்களுக்கு. முதல் நம்பரை அப்பா யாருக்கும் விற்கமாட்டார். சந்தனமும் புனுகும் சேர்த்து அவரே தன் கையால் இறுக்கி உருட்டுவார். பங்குனி உத்திரத்தன்று சாமி எங்கள் வாசலுக்கு வரும்போது மட்டும் அந்தப் பத்தியைக் கொளுத்துவார். மிச்சம் இருப்பதைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுவார். என் கல்யாணத்துக்கே இரண்டாம் நம்பர்தான் எரிந்தது.

சித்திரை முழுவதும் சாயங்காலம் ஆனால் நானும் மாடிக்குப் போக வேண்டியிருந்தது. ரப்பரை முறுக்குவது ஓர் ஆள் வேலையில்லை. நான் விமானத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நிற்பேன். இவர் ரப்பரின் மறுமுனையைக் கை டிரில்லின் கொக்கியில் மாட்டி, பின்னாலேயே நடந்து போய் நாலு மடங்கு நீளத்துக்கு இழுத்துக்கொண்டு சுற்றுவார். சுற்றச் சுற்ற ஒவ்வோர் அடியாக என்னிடம் வருவார். முறுக்கு ஏறும்போது என் விரல்களில் ஒரு நடுக்கம் தெரியும். நான் பிடியைத் தளர்த்தினால் ரப்பர் அறுந்து விமானம் சுக்குநூறு. அதனால் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி பேசாமல் நிற்போம். அப்பா வீட்டில் வேறெந்த இடத்திலும் அவர் என்னை அப்படிப் பார்த்ததில்லை. எனக்கு அது பிடித்திருந்தது என்று இப்போது சொல்வதில் வெட்கமில்லை.

கிளம்புகிற அன்று வெள்ளனே எழுந்து சோறு கட்டினேன். விமானத்தைப் பஞ்சு வைத்த பெட்டியில் படுக்க வைத்து, பையில் டிரில்லும் விளக்கெண்ணெய் பூசிய ரப்பரும் வைத்தார். அப்பா கடையிலிருந்தே கேட்டார். "பத்தி எந்த நம்பரு எடுக்குறீங்க?"

"மூணாம் நம்பருதாங்க மாமா. ஒரு கட்டு மேசைல வச்சிருக்கேன்."

அப்பா 'ம்' என்றார். கொஞ்ச நேரம் கழித்து ஒரு பழைய பேப்பரில் சுற்றிய கட்டைத் தானே கொண்டுவந்து பைக்குள் வைத்தார். "பத்தி உள்ள இருக்கு. போயிட்டு வாங்க" என்றார். மாப்பிள்ளை முகத்தைப் பார்க்கவில்லை, பையின் வாரைச் சரி செய்வது போல நின்றார். போட்டியைப் பற்றி அப்பா பேசியது அவ்வளவுதான்.

ஒட்டன்சத்திரத்தில் பஸ் மாறி, வத்தலக்குண்டில் மறுபடி மாறி மலை ஏறினோம். வழியெல்லாம் பெட்டி இவர் மடியில், காய்கறிக் கூடைகளும் கோழிகளும் எங்கள் காலில். கொடைக்கானலில் திருமலைச்சாமி எங்களைப் பட்டறையை ஒட்டிய அந்தக் காலி அறையிலேயே தங்க வைத்தார். "எப்ப வேணாலும் வாங்க சேனாதிபதி, ரூம் சும்மாத்தான கெடக்கு" என்றார். இவர் பெயரை ஒரு மனுசர் முகத்துக்கு நேரே சொல்லிக் கேட்டது எனக்கு விசித்திரமாக இருந்தது. ஆனால் ராத்திரி முழுக்க என் பல் கிட்டியதில் அதை நினைக்க நேரமில்லை. மலையில் பிறந்தவர் பழனி வெயிலில் வெந்துபோயிருந்தார் போல. விடியும்போது மூக்கடைத்து, கண் சிவந்து, தும்மிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "கிளாவரைக்காரருக்குக் குளிர் ஆகல போல" என்றேன். பதிலுக்கு இன்னொரு தும்மல் வந்தது.

போட்டி நடந்தது ஏரிக்கு மேலே ஒரு புல்வெளியில். ஒரு பக்கம் தைல மரங்கள், மறுபக்கம் சரிவு, அதற்கப்பால் பள்ளத்தாக்கு. சீசனுக்கு வந்தவர்கள் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு கடலை கொறித்தபடி வேடிக்கை பார்த்தார்கள். வேலப்பன் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்துத் தலையசைத்தார். மற்றவர்களுடைய விமானங்கள் பளபளவென்று சாயம் பூசியிருந்தன. எங்களுடையதில் சாயமில்லை. எடை கூடும் என்று இவர் பூசவில்லை.

குளிரில் ரப்பர் விறைத்துப் போகும் என்று இவர் முந்தின நாளே பயந்துகொண்டிருந்தார். அதனால் ரப்பர் இழைகளை ஒரு துணியில் சுற்றி என் சால்வைக்குள் வயிற்றோடு அணைத்து வைத்திருந்தேன். "கோழி அடகாக்குற மாதிரி இருக்கு" என்றேன். அவர் சிரித்தார். அன்றைக்கு அவர் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

முதல் தடவைக்கு, பழனியிலேயே வெட்டி வாலில் செருகி வைத்திருந்த துண்டைக் கொளுத்தினார். நான் பிடித்தேன், அவர் முறுக்கினார். கையிலிருந்து விட்டதும் விமானம் செங்குத்தாக ஏறியது. உச்சிக்குப் போய் வட்டமடித்து, சரியான நேரத்தில் வாலைத் தூக்கிக்கொண்டு, புல்வெளி நடுவில் ஒரு இலை விழுகிற மாதிரி வந்து படுத்தது. கூட்டம் கை தட்டியது. வேலப்பன் எழுந்து நின்று பார்த்தார். இவர் ஓடிப்போய் விமானத்தை எடுத்து வந்தபோது எனக்கு மதுரை வாடகை வீட்டின் ஜன்னல்கூடக் கண்ணில் தெரிந்தது. பயமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது.

இரண்டாவது தடவைக்குள் மஞ்சு விலகி நல்ல வெயில் வந்துவிட்டது. "வெயில் இருக்கும்போதே வெரசா விடணும்" என்று சொல்லி, பையிலிருந்த பேப்பர் கட்டைப் பிரித்து ஒரு பத்தியை உருவினார். அளந்து நறுக்கினார். வாலில் செருகினார். முறுக்கு ஏற்றினோம்.  பத்தியைக் கொளுத்தி ஊதிவிட்டு, விமானத்தைத் தலைக்கு மேலே தூக்கினார்.

எனக்கு அப்போது ஒரு வாசனை வந்தது. எங்கள் வாசலில் மேளச் சத்தம் கேட்கிற மாதிரி இருந்தது. தெருவில் தண்ணீர் தெளித்திருக்கிறார்கள், சாமி வரப்போகிறது, அப்பா புது வேட்டியில் நிற்கிறார். இது மே மாசமாயிற்றே, உத்திரம் முடிந்துவிட்டதே என்று நினைத்தேன். பிறகுதான் எனக்கு உறைத்தது. "ஏங்க" என்று வாயெடுத்தேன். விமானம் அவர் கையை விட்டுப் போயிருந்தது.

முதல் தடவையைவிட அழகாக ஏறியது. வெயில் பட்ட சரிவிலிருந்து கிளம்பிய காற்றில் போய் மாட்டியது. ரப்பர் தீர்ந்து காற்றாடி நின்றது. ஆனாலும் அது மேலேயே போய்க்கொண்டிருந்தது. இவர் உதட்டுக்குள் எண்ணிக்கொண்டே நின்றார். வால் தூக்க வேண்டிய நேரம் வந்தது. வால் தூக்கவில்லை. அவர் எண்ணுவதை நிறுத்திவிட்டார். விமானம் பள்ளத்தாக்குப் பக்கம் நகர்ந்து, சின்னதாகி, வெள்ளைப் புள்ளியாகி, அங்கே எழுந்துகொண்டிருந்த மேகத்துக்குள் போனது. கூட்டம் முன்னைவிடப் பலமாகக் கை தட்டியது. அவர்களுக்கு என்ன தெரியும்.

நான் பேப்பர் கட்டைத் தூக்கி மூக்கில் வைத்துப் பார்த்தேன். பிறகு அவரிடம் போய் மெதுவாகச் சொன்னேன். "இது மூணாம் நம்பர் இல்லீங்க. அப்பாவோட உத்திரத்துப் பத்தி. இறுக்கி உருட்டுனது, மெதுவாத்தான் எரியும்."

அவர் கட்டை வாங்கி முகர்ந்தார். மூக்கடைப்பில் ஒன்றும் தெரிந்திருக்காது. ஒரு பத்தியை விரலால் நசுக்கிப் பார்த்தார். "மேசைல வச்சத எடுத்துட்டு இத வச்சிருக்காரு" என்றார். "நான் போகக் கூடாதுன்னு மாத்திட்டாரு."

"இல்லீங்க" என்றேன்.  "என் கல்யாணத்துக்குக்கூட அவரு இதக் கொளுத்தல. சாமிக்குத் தவிர யாருக்கும் எடுத்ததில்ல. உங்களுக்குன்னு பெட்டியத் திறந்திருக்காரு. நல்ல காரியத்துக்குப் போறவருக்கு மட்டச் சரக்கக் குடுத்து அனுப்பக் கூடாதுன்னு நெனச்சிருப்பாரு. மெதுவா எரியுறதுதான் அவருக்கு உசத்தி."

 அவர் அந்தப் பத்திக் கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் என்னை நம்பினாரா என்று எனக்குத் தெரியவில்லை. அதற்குள் வேலப்பன் எங்களை நோக்கி வந்துவிட்டார்.

"என்னாச்சு? மொதத் தடவ கச்சிதமா எறங்குச்சே. இது ஏன் எறங்கல?"

என் கணவர் நிமிர்ந்தார். ஒரு வார்த்தை சொன்னால் போதும். மாமனார் பத்தியை மாற்றிவிட்டார், என் கணக்கில் தப்பில்லை என்று சொன்னால் அந்த மனுசர் ஒருவேளை ஏற்றுக்கொண்டிருப்பார். சொல்லட்டும் என்றுதான் நானும் நினைத்தேன். சொல்லக் கூடாது என்றும் நினைத்தேன்.

"பத்திய எரிச்சுப் பாக்காம கட்டிட்டேனுங்க. என் தப்புதான்" என்றார்.

வேலப்பன் விமானம் போன திசையைப் பார்த்தார். பிறகு, "நீங்க செய்யுற வேலையப் பத்தி எனக்குச் சந்தேகமில்ல. ஆனா எனக்கு வேண்டியது எரிச்சுப் பாத்துட்டுக் கட்டுற ஆளு. முப்பது பசங்க உங்களப் பாத்துத்தான் கத்துக்கப் போறாங்க" என்றார். அவர் சொன்னதில் ஒரு குறையும் கண்டுபிடிக்க முடியாததால் எனக்கு அவர் மேல் வெறுப்பாக வந்தது.

சரிவில் இறங்கித் தைல மரங்களுக்கு நடுவே தேடினோம். பள்ளத்தாக்கு முழுக்க மேகம். அதற்குள் எங்கே என்று தேடுவது. மிச்சமிருந்த பால்சாத் துண்டுகளில் இன்னொரு இறக்கை தேறாது என்று இரண்டு பேருக்கும் தெரியும். மறுநாள் பஸ்ஸில் வெறும் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். வத்தலக்குண்டு தாண்டியதும், "பந்தயம் பந்தயம்தான் வடிவு. இனிமே வெளிய போற பேச்ச எடுக்கமாட்டேன்" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். விளக்கை அணைத்துவிட்டேன் என்று சொல்கிற மாதிரி சொன்னார்.

சாயங்காலம் வீடு வந்து சேர்ந்தோம். கடையில் அப்பாவும், விபூதி வாங்க வந்த இரண்டு பேரும் இருந்தார்கள். அப்பா எங்களைப் பார்த்ததும் ஜெயித்தீர்களா என்று கேட்கவில்லை. வேறு யாருடைய சரக்கைப் பற்றியோ விசாரிப்பது போல, "பத்தி நல்லா எரிஞ்சுச்சா மாப்ள?" என்று கேட்டார்.

அப்பா முகத்தைப் பார்த்தேன். பொங்கலன்று முதல் வாய் சாப்பிட்டவரிடம் 'இனிப்பு சரியா இருக்கா' என்று கேட்பவர்களின் முகம். என் கணவரும் அந்த முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நான் சொன்னது நிஜம் என்று அவருக்கு அந்த நிமிசம்தான் தெரிந்திருக்க வேண்டும்.

"நல்லா எரிஞ்சுச்சுங்க மாமா" என்றார். "அணையவே இல்ல. மேகத்துக்குள்ள போற வரைக்கும் எரிஞ்சுக்கிட்டே போச்சு."

"நானே உருட்டுனதாச்சே" என்றார் அப்பா. பிறகு வெறும் பெட்டியைப் பார்த்து, "விமானம் எங்க?" என்று கேட்டார்.

"மேலயே போயிருச்சுங்க. எறங்கல."

அப்பாவுக்குப் போட்டியின் விதி எதுவும் தெரியாது. எல்லாரும் விட்டது இறங்கிவிட்டது, நம் மாப்பிள்ளை விட்டது இறங்கவில்லை என்றால் யார் ஜெயித்தது என்று அவருக்கு ஒரு கணக்கு. விபூதி வாங்க வந்தவர்கள் பக்கம் திரும்பி, "எங்க மாப்ள சேனாதிபதி. கொடைக்கானல்ல விட்ட ஏரோப்ளேன் இன்னும் எறங்கலயாம்" என்றார். அந்தப் பெயரை அவர் வாயில் நான் கேட்டது அதுதான் முதல் தடவை. என் கணவர் விதியை விளக்கவில்லை. கைகட்டி நின்று, அந்தப் பாராட்டை விபூதி மூட்டையைத் தோளில் வாங்குகிற மாதிரியே வாங்கிக்கொண்டார்.

அப்பா உள்ளே போய்ப் பெட்டியைத் திறந்து இன்னொரு கட்டு எடுத்துவந்தார். "அடுத்த தடவைக்கும் இதையே எடுத்துட்டுப் போங்க." இவர் இரண்டு கையையும் நீட்டி வாங்கிக்கொண்டார்.

 இந்த மனுசர் மதுரை வேலையை ஒரு முனகல்கூட இல்லாமல் விழுங்கிவிட்டார், என் அப்பா சந்தோசமாக இருக்கட்டும் என்று. இப்போது இந்தப் பொய்யைக் காப்பாற்றிக்கொண்டு இதே கடையில் ஆயுசு முழுக்க மூட்டை தூக்குவார். பந்தயத்தில் ஜெயித்தது நான். அந்த ஜெயத்தை வைத்துக்கொண்டு இவர் முகத்தை நான் எப்படிப் பார்ப்பது? சும்மா இருக்கிற மாப்பிள்ளையாக வெளியே போயிருந்தால் ஓடிப்போனதாகத்தான் பேர். இன்றைக்கு இந்தக் கடைவாசலில் பெயர் சொல்லப்பட்டவர் தலை நிமிர்ந்து போகலாம். அவர் அவ்வளவு விழுங்கும்போது நான் கொஞ்சம் குளிரை விழுங்கினால் செத்தா போவேன்?

"அப்பா, எனக்கு ரெண்டு நல்ல கம்பளி வாங்கித் தாங்க" என்றேன்.

"இந்த வேக்காட்டுல கம்பளி என்னத்துக்கும்மா?"

"கொடைக்கானல்ல குடியிருக்கணும்ல. இவருக்குப் பட்டறைல வேலை இருக்கு. ரூமும் காலியா கெடக்கு. நாங்க அங்க போறோம்ப்பா."

என் கணவர் சட்டென்று என்னைத் திரும்பிப் பார்த்தார். ரப்பரில் கடைசி முறுக்கு ஏற்றும்போது பார்க்கிற அதே பார்வை. நான் பிடியைத் தளர்த்தவில்லை.

அப்பா தராசுத் தட்டைத் துடைத்தார். துடைத்த தட்டையே மறுபடி துடைத்தார். வந்தவர்கள் விபூதியை வாங்கிக்கொண்டு போனார்கள். பிறகு மாப்பிள்ளையின் கையிலிருந்த கட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டார். 

"அங்க ஈரத்துல பத்தி நமுத்துப் போகும்" என்றார். "தகர டப்பாவுல போட்டு இறுக்கி மூடித் தர்றேன்."

உள்ளே போனவர் வெகுநேரம் டப்பா தேடிக்கொண்டிருந்தார்.